உப்பு உறையும் முன்னே

செத்தவர் வீட்டில் வாயை அடக்கிக்கொண்டு இருக்க வேண்டும் என்று திருமலைசாமி சார் காந்திபுரத்திலேயே எனக்குக் கண்டிஷன் போட்டுவிட்டார்.

"முடிஞ்சா வா லோகப்பிரியா. முடியாட்டி வண்டிய மட்டும் குடு, நானே போய்க்கறேன்."

வண்டியைக் கொடுத்தால் அவருக்கு ஓட்டத் தெரியாது. அது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். ஆகவே துடியலூர் வரும் வரை என் கைனடிக் ஹோண்டாவின் பின்சீட்டில், மடியில் தோல்பையை வைத்துக்கொண்டு, பெண் பார்க்கப் போகிற மாப்பிள்ளை மாதிரி விறைப்பாக உட்கார்ந்து வந்தார்.

சார் முன்பு இன்சூரன்ஸ்காரர்களுக்காக, எரிந்துபோன பஞ்சு குடோன்களைச் சுற்றிப் பார்த்து, தீ தானாகப் பிடித்ததா, பிடிக்க வைக்கப்பட்டதா என்று சொல்லிக்கொண்டிருந்தவர். இப்போது சொந்தமாகத் துப்பறிகிறார். ஒய்டூகே கோர்ஸ் என்று போர்டு தொங்கும் கம்ப்யூட்டர் சென்டருக்கு மேல்மாடியில் ஆபீஸ். நான் அசிஸ்டென்ட், டைப்பிஸ்ட், டிரைவர். டீ வாங்கி வருவது மட்டும் அவர் வேலை. அதில் நான் கறாராக இருக்கிறேன்.

ஆனால் முந்தின நாள் ஆபீஸுக்கு வந்த பெண்ணைப் பார்த்ததிலிருந்து எனக்கே ஜோக் வரவில்லை. பெயர் நிதா. பீளமேட்டில் காலேஜ் படிக்கிறாள். நாற்காலி நுனியில் உட்கார்ந்து, ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல் சொன்னாள்.

"எங்கத்தா அவரக் கொல்லலீங்க. ஆனா அத்தாவே வாயத் தொறந்து பேச மாட்டேங்கறாருங்க. நான் என்ன பண்றதுன்னு தெரியலீங்க."

அவள் அப்பா அப்துல் முத்தலிப், துடியலூரில் மனோஜ்குமார் என்ற இளைஞருடைய ஷெட்டில் சூளை பார்ப்பவர். உருகிய உப்புக்குள் கரண்ட் விட்டு உலோகப் பொடி எடுக்கிற ஷெட் அது. விஜயதசமி அன்று காலை உப்பு வெடித்து மனோஜ்குமார் அந்த இடத்திலேயே இறந்துபோனார். "என்ற தப்புத்தான். மறந்துபோட்டேன்" என்று முத்தலிப் போலீஸிடம் சொன்னார். அதற்குமேல் ஒரு வார்த்தை இல்லை. கவனக்குறைவு கேஸ், இன்று சாயங்காலம் கொலைக் கேஸாக மாறப் போகிறது. அதற்குள் நாங்கள் எதையாவது கண்டுபிடிக்க வேண்டும்.

ஷெட் வாசலில் போலீஸ் ஜீப் நின்றது. இடத்தை அடையாளம் காட்டுவதற்காக முத்தலிப்பை அழைத்து வந்திருந்தார்கள். பின்சீட்டில் இரண்டு கான்ஸ்டபிள்களுக்கு நடுவே, நரைத்த தாடியோடு, தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். கேட்டுக்கு வெளியே, வெயிலில், புத்தகப் பையோடு நிதா நின்றிருந்தாள். கிட்டே போக விடவில்லையாம்.

இன்ஸ்பெக்டர் செங்கோடன் எங்களைப் பார்த்ததும் கைகூப்பினார். "வாங்க சார், வாங்க அம்மணி. சும்மா பாக்கறதுன்னாப் பாருங்க. கேஸ் முடிஞ்சாச்சுங்க."

உள்ளே போனோம். ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் ஒரு ஆள் நுழையும் அளவுக்கு ஓட்டை. அதற்கு நேர் கீழே, செங்கல் அடுப்பின் மேல் இரும்புச் சட்டி, பக்கத்தில் கவிழ்ந்து கிடந்த வாளி போன்ற மூடி. சுவரெங்கும் வெள்ளை வெள்ளையாக உப்பு தெறித்துப் பிடித்திருந்தது. மழை பெய்து நாளாகியும் அந்த வெள்ளை இருந்த இடமெல்லாம் ஈரம் கசிந்துகொண்டிருந்தது. நான் தெரியாமல் சாய்ந்துவிட்டு, துப்பட்டாவை நனைத்துக்கொண்டேன்.

"அதுல சாயாதீங்க. அந்த உப்பு காத்துல இருக்கற ஈரத்தையெல்லாம் இழுத்து அழுதுட்டே இருக்குதுங்க. என்ற ஆளு ஒருத்தன் வழுக்கி உழுந்துட்டான்" என்றார் செங்கோடன்.

"இங்க என்ன செஞ்சாங்கன்னு இந்தப் புள்ளைக்குக் கொஞ்சம் சொல்லுங்க" என்றார் சார். அவருக்கே தெரியாது என்பதை இப்படித்தான் சொல்வார்.

செங்கோடன் உற்சாகமாகிவிட்டார். பாவம், வந்த நாளாய் இதையே படித்திருக்கிறார். "அடியில டீசல் பர்னர். மேல சட்டி. அதுல கால்சியம் குளோரைடும் கல்லுப்பும். செவக்கக் காய்ச்சினா தண்ணியாட்ட உருகிரும். பெயிண்டுல கலக்கற வெள்ளைப் பொடி இருக்குதில்லீங்க, அத மாத்திரையாத் தட்டி உள்ள தொங்க உடோணும். கூடவே ஒரு கரி ராடு. கரண்ட் குடுத்தா மாத்திரையில இருக்கற ஆக்சிஜன் கழண்டு போயிரும். மிச்சம் டைட்டானியம். கழுவி இடிச்சாப் பொடி. எலும்பு ஒடஞ்சவங்களுக்கு உள்ள வெக்கற மூட்டெல்லாம் அதுல செய்யலாமாம்."

"வெடிச்சது எப்படீங்க?"

"நிறுத்தறப்பத்தான் ஆபத்து. ஆறினா உப்பு பாறையாயிரும். மறுநா அடியில தீ வெச்சா, அடிதான் மொதல்ல உருகும். உருகின உப்புக்கு எடம் பத்தாது. மேல பாறை மூடிட்டு நிக்கும்."

"விசில் அடைச்சுப்போன குக்கர்" என்றேன். சார் என்னைப் பார்த்தார். ஜோக் இல்லை என்று கண்ணால் சொன்னேன்.

"அதேதான் அம்மணி. அதனால சாயங்காலம் அடுப்ப அணைச்சதும், உப்பு உறையறதுக்கு முன்னயே நடுவுல ஒரு கம்பிய நட்டு மூடி போட்டுருவாங்க. மறுநா சூடு கம்பி வழியா மேல ஏறி, சுத்தி இளகி, ஒரு சந்து உழும். உப்பு அதுல மூச்சு உட்டுக்கும். இங்க அதுக்கு மூச்சுக்கம்பின்னே பேருங்க. நடறது முத்தலிப் பாயோட வேலை. ஆயுத பூஜை அன்னிக்கு நடலை. மறுநா நல்ல நேரம் போயிருமுன்னு, பாய் வர்றதுக்கு முன்னயே மனோஜ்குமார் மூடியக்கூடத் தொறந்து பாக்காம பர்னரப் பத்த வெச்சுட்டாரு. பாய் நட்டிருப்பாருன்னு அவ்வளவு நம்பிக்கை."

"மறந்துபோட்டேன்னு பாய் சொல்றாரே."

"தாடி நரைக்கற வரைக்கும் உப்புச் சட்டிகிட்ட நின்ன ஆளுங்க. தூக்கத்துல எழுப்பி உட்டாலும் நடுவாரு. அவரு மறப்பாருங்களா? முந்தின நாள் ரெண்டு பேத்துக்கும் சண்டை. பொடி நல்லா வந்தா ஷெட்ட ஹைதராபாத்துக்கு மாத்தப் போறேன்னு மனோஜ்குமார் சொல்லியிருக்காரு. பாய் சத்தம் போட்டது டீக்கடை வரைக்கும் கேட்டுருக்குது."

திறமைசாலி என்பதாலேயே கொலைகாரன். கேட்க நியாயமாகத்தான் இருந்தது, அதுதான் பயமாக இருந்தது.

சார் அடுப்புக்குப் பின்னால் போய்ச் சுவரைப் பார்த்தார். அங்கே ஒரு கொக்கி காலியாக இருந்தது. கொக்கிக்குக் கீழே எண்ணெய் வழிந்த கறுப்புத் தடம்.

"இது என்னங்க?"

"கம்பி மாட்டற எடம். உப்பு பட்டாத் துருப்பிடிச்சுருமில்லீங்க? பாய் தினமும் காலையில கம்பியக் கழுவி, எண்ணெ தடவித்தான் மாட்டுவாராம்."

"இப்பக் கம்பி எங்கீங்க?"

செங்கோடன் அப்போதுதான் யோசித்தார். "எங்காவது கெடக்குமுங்க."

"குடைய மறந்துட்டு மழையில போனவன் ஊட்டுல குடை இருக்கோணுமில்லீங்க?" என்றார் சார். "நட மறந்த கம்பி கொக்கியிலதான இருக்கோணும்?"

செங்கோடன் காலிக் கொக்கியைத் தொட்டுப் பார்த்தார். அப்போதுதான் வாசலில் நிழல் விழுந்தது.

மனோஜ்குமாரின் மனைவி கீதா. என் வயதுதான் இருக்கும். ஷெட்டுக்குப் பின்னாலேயே வீடு. காரியம்கூட இன்னும் முடியவில்லை, யாரோ உள்ளிருந்து "அம்மணி, அங்க போகாத" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் காதில் வாங்கவில்லை. கையில் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில். அதன் அடியில் ஒரு கைப்பிடி அளவுக்குச் சாம்பல் நிறப் பொடி, தண்ணீருக்குள்.

"இதுதாங்க அவரு செஞ்சது" என்று சாரிடம் நீட்டினாள். "யாரோ விசாரிக்க வந்துருக்கறாங்கன்னாங்க. அவரு என்ன செஞ்சாருன்னு நீங்களாச்சும் பாக்கோணுமில்லீங்க."

பாட்டிலை இடது கையால் நீட்டினாள். நீட்டிய பிறகு அவளே பார்த்துவிட்டுச் சங்கடப்பட்டாள். "தப்பா நெனச்சுக்காதீங்க. வலது கை முடியலீங்க. பூஜைக்கு வடை சுட்டப்ப சட்டி பட்டுருச்சு."

வலது உள்ளங்கையில் ஊதா மருந்து. சுட்டுவிரல் அடியிலிருந்து சுண்டுவிரல் அடி வரை, அளவுகோல் வைத்துப் போட்டது போல ஒரே நேர்க்கோடு. சார் பாட்டிலை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

"ஏனுங்க," என்று அவள் செங்கோடன் பக்கம் திரும்பினாள், "பாய் என்னதாங்க பண்ணினாரு? யாரக் கேட்டாலும் உள்ள போய்ப் படுன்னுதான் சொல்றாங்க."

"அதெல்லாம் டெக்னிக்கல் விஷயம் அம்மணி. உங்களுக்குப் புரியாது. நீங்க போங்க."

அவள் ஒரு நிமிஷம் நின்றாள். பிறகு போய் ஷெட்டின் பின்வாசல் படியில் உட்கார்ந்துகொண்டாள். எனக்குச் செங்கோடன் மேல் ஆத்திரமாக வந்தது. புருஷன் எப்படிச் செத்தான் என்று பெண்டாட்டிக்குச் சொல்லாத ஊர் எங்கள் ஊர்.

"சார்," என்றேன் மெதுவாக, "வடைச் சட்டி விரலச் சுடும். இப்படி நடு உள்ளங்கையில கோடு போடாது."

"தெரியுது. கம்பியத் தேடு."

தேடினேன். டப்பாக்களுக்குப் பின்னால், டீசல் டிரம்முக்கு அடியில், உப்பு மூட்டைகளுக்கு இடையில். எங்கும் இல்லை. கடைசியில் மிச்சமிருந்தது சாமி மூலை மட்டும்தான்.

ஆயுத பூஜை வைத்தது வைத்தபடி இருந்தது. எடுக்க யாருக்கும் மனசு வரவில்லை போலிருக்கிறது. சரஸ்வதி படம், அதன் முன்னால் சிவப்புத் துணி விரித்து வரிசையாகச் சாமான்கள். ஸ்பேனர், குறடு, சுத்தியல், தராசு, கால்குலேட்டர், மொபெட் சாவி. எல்லாவற்றுக்கும் சந்தனப் பொட்டு, அதன் நடுவில் குங்குமம். பொரியை எறும்பு முக்கால்வாசி காலி செய்திருந்தது. போலீஸ்காரர்கள் ஷெட்டையே புரட்டியவர்கள், இதை மட்டும் தொடவில்லை. சாமி முன்னால் இருப்பதை யார் சோதனை போடுவார்கள்?

குனிந்தபோது முழங்காலில் ஈரம் பட்டது. துணியின் ஒரு பக்கம் மட்டும் நனைந்திருந்தது. மற்ற சாமான்களில் குங்குமம் காய்ந்து உதிர்ந்துகொண்டிருக்க, பின்வரிசையில், வாடின செவ்வந்தி மாலைக்கு அடியில் ஏதோ ஒன்றில் மட்டும் குங்குமம் கரைந்து வழிந்திருந்தது. மாலையை விலக்கினேன். ஒரு விரல் கனத்தில் ஒரு கம்பி.

"சார், சுவத்துக்கு இருக்கற அதே சீக்கு இதுக்கும்."

சார் பக்கத்தில் வந்து குந்தி உட்கார்ந்தார். கம்பியின் மேல்பாதி சுத்தமாக இருந்தது. கீழ்ப்பாதி முழுக்க வெள்ளையாக உப்புப் பூத்து, வேர்த்துக்கொண்டிருந்தது.

"எண்ணெ இருக்குதா?"

"இல்லீங்க. உப்புத்தான்."

"அப்பக் கொக்கியில இருந்து எடுத்ததில்ல. சட்டியில இருந்து எடுத்தது. உப்பு உறைஞ்சதுக்குப் பொறவு யாராலயும் புடுங்க முடியாது. அதுக்கு முன்னயே, சூட்டோட உருவியிருக்காங்க." கம்பியை எடுத்து மேல்நுனியைத் தன் உள்ளங்கையில் குறுக்கே வைத்துப் பார்த்தார். சுட்டுவிரல் அடியிலிருந்து சுண்டுவிரல் அடி வரை.

நான் படியின் பக்கம் திரும்பிப் பார்த்தேன். கீதா முழங்காலைக் கட்டிக்கொண்டு, கூரை ஓட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கொலை செய்தவள் அப்படி உட்கார மாட்டாள். பூஜை வைத்தவள், சாமான்களையெல்லாம் சேகரித்தவள், ஒன்றும் விட்டுப் போகக்கூடாது என்று இதையும் எடுத்திருக்கிறாள். பொட்டு வைத்திருக்கிறாள். அவ்வளவுதான்.

"அவளுக்குத் தெரியாது சார்" என்றேன்.

"அவளுக்குத் தெரியாது. ஆனா இந்த மாலையக் கம்பி மேல இழுத்து மூடினவங்களுக்குத் தெரியும்" என்று சார் எழுந்தார்.

ஜீப்புக்குப் போனோம். செங்கோடன் கான்ஸ்டபிள்களைத் தள்ளி நிற்கச் சொன்னார். சார் முத்தலிப்பின் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். நான் வெளியே ஜீப் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"பாய், மூச்சுக்கம்பி கெடச்சுருச்சுங்க. சாமிகிட்ட இருந்துச்சு."

தப்பித்தேன் என்று ஒரு மனுஷன் சந்தோஷப்பட வேண்டிய நேரம் அது. முத்தலிப் முகம் சாம்பலாகிவிட்டது.

"அது அங்கயே இருக்கட்டுமுங்க" என்றார்.

"நீங்க நடத்தான் செஞ்சீங்க."

"நட்டுப்போட்டுத்தாங்க ஊட்டுக்குப் போனேன். மறுநா காலையில சத்தம் கேட்டு ஓடியாந்தப்ப தம்பி கெடந்த கெடை... அப்பறம் நிமுந்து பாத்தா அங்க கம்பிக்குப் பொட்டு வெச்சிருக்குது. எனக்கு அப்பவே புரிஞ்சுபோச்சுங்க. கீதாப் புள்ள வெளிய மண்ணுல உழுந்து அழுதுட்டுருக்குது. நான் மாலைய இழுத்து மேல போட்டேன்."

"எதுக்குங்க பாய்? சண்டை போட்ட ஆளுதான?"

"ஹைதராபாத் போனா என்னையும் கூட்டிட்டுப் போன்னுதாங்க சண்டை." அவர் குரல் உடைந்தது. "எனக்கு ஜெயிலுன்னா என்னிக்காச்சும் ஒரு நா முடிஞ்சு போயிருமுங்க. அந்தப் புள்ளைக்கு முடியுமுங்களா? இன்னும் எத்தன காலம் இருக்குது அதுக்கு. புருசன நானே கொன்னுபோட்டேன்னு நெனச்சுட்டு ஒரு புள்ள எப்படிங்க சோறு திங்கும்?"

"அங்க உங்க புள்ள நிக்குது பாய்" என்றேன். என்னால் சும்மா இருக்க முடியவில்லை. "கொலகாரன் மகள்னு காலேஜ்ல பேசறாங்க."

அவர் கேட்டைப் பார்க்கவில்லை. பார்த்தால் தாங்காது என்று தெரிந்திருக்கும். "நிதா தெடமான புள்ளைங்க" என்று மட்டும் சொன்னார்.

சார் ஜீப்பிலிருந்து இறங்கினார். கொஞ்ச தூரம் நடந்தார், திரும்பி வந்தார். ஒரு பெண்ணைக் காப்பாற்றினால் இன்னொருத்தி தெருவில் நிற்பாள். அவரோடு வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவர் இப்படி நடந்து நான் பார்த்ததில்லை. பிறகு நேராகச் செங்கோடனிடம் போய், அவரை ஷெட்டுக்குள் கூட்டிவந்து கம்பியைக் காட்டினார். முத்தலிப்பையும் இறக்கிக் கொண்டுவந்தார்கள்.

"இன்ஸ்பெக்டர், பாய் மறக்கலை. உப்பப் பாருங்க, எண்ணெ இல்லாததப் பாருங்க. நட்ட கம்பிய உப்பு உறையறதுக்கு முன்ன யாரோ எடுத்துருக்காங்க. கம்பி இல்லாம உப்பு பாறையாயிருச்சு. அதனாலதான் வெடிச்சுது."

"யாருங்க எடுத்தது?"

"மனோஜ்குமார்தான்" என்றார் சார்.

நான் அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

"பூஜைக்காக அவரே எடுத்துருக்காரு. திருப்பி நட மறந்துட்டாரு. செத்த மொதலாளிய விவரமில்லாதவருன்னு ஊரு பேசக் கூடாதுன்னு பாய் பழியத் தான் வாங்கிட்டாரு. அப்படித்தான பாய்?"

முத்தலிப் நிமிர்ந்தார். புரிந்துவிட்டது. செத்தவருக்கு இனி எதுவும் வலிக்காது. "ஆமாங்க" என்றார்.

செங்கோடன் கம்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தலையாட்டத் தொடங்கிவிட்டார். அவ்வளவு அழகான பொய் அது. நிதா வீட்டுக்கு அத்தாவோடு போவாள், கீதா ஒருநாள் தூங்குவாள் என்று நான் நிம்மதியாக மூச்சு விட்டேன்.

"இல்லீங்க."

கீதா படியிலிருந்து எழுந்து வந்திருந்தாள். அவள் அங்கேயே உட்கார்ந்திருந்ததை நாங்கள் எல்லோரும் மறந்துபோயிருந்தோம்.

"அவர அப்படிச் சொல்லாதீங்க. அவரு அவ்வளவு விவரமில்லாதவரு இல்லீங்க. அந்தக் கம்பியக் கண்டவங்க தொடக்கூட உடமாட்டாரு. 'என்ற உசுரக் காக்கறது இதுதான் கீதா'ன்னு சொல்லுவாரு. அதனாலதான், அவரு பூசணிக்கா வாங்கப் போயிருந்தப்ப, மத்ததுக்கெல்லாம் வெக்கறதுக்கு முன்ன மொதப் பொட்டு இதுக்கு வெக்கோணும்னு நாந்தான் போய் உருவி எடுத்து..."

நிறுத்தினாள்.

"அம்மணி, உள்ள போங்க" என்றார் சார். அவர் குரல் அப்படிக் கெஞ்சி நான் கேட்டதில்லை.

அவள் போகவில்லை. சட்டியைப் பார்த்தாள், கம்பியைப் பார்த்தாள். பிறகு தன் வலது கையை விரித்து அதில் இருந்த கோட்டைப் பார்த்தாள். பின்வாசலில் கூப்பிட்டுக்கொண்டிருந்த குரல்கூட நின்றுபோயிற்று.

"பூஜையில வெச்சத மறுநா வரைக்கும் எடுக்கக் கூடாதில்லீங்க" என்றாள், யாரிடமும் இல்லாமல். "தொட்டது தெரிஞ்சாத் திட்டுவாருன்னு, கை சுட்டதுக்கு வடைச் சட்டின்னு சொல்லிப்போட்டு, கம்பியப் பின்வரிசையில வெச்சேன். காலையில எடுத்துக் குடுக்கலாமுன்னு இருந்தேன்."

முத்தலிப் அழுதுகொண்டிருந்தார். அவள் அவர் எதிரே போய் நின்றாள்.

"நீங்க பாத்தீங்களா பாய்?"

அவர் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"பாத்துப்போட்டுத்தான் மறந்தேன்னு சொன்னீங்களா?"

அவள் கொஞ்ச நேரம் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு செங்கோடன் பக்கம் திரும்பினாள். "நான் சொன்னதத்தான் எழுதிக்கோங்க. பாய உட்டுருங்க. நிதா அப்ப இருந்து வெயில்ல நிக்குதுங்க."

செங்கோடன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். வெளியே கான்ஸ்டபிளிடம் ஏதோ சொல்ல, கேட் திறக்கும் சத்தம் கேட்டது.

சார் அசையாமல் நின்றார். ஹார்லிக்ஸ் பாட்டில் இன்னும் அவர் கையிலேயே இருந்தது. கொடுக்கவும் தெரியாமல் வைத்துக்கொள்ளவும் தெரியாமல் நின்றவரிடமிருந்து நான்தான் அதை வாங்கி, கீதாவிடம் நீட்டினேன். இடது கையிலேயே வாங்கிக்கோங்க, பரவால்லீங்க என்று சொல்ல வாயெடுத்தேன்.

அவள் வலது கையை நீட்டி வாங்கிக்கொண்டாள்.